எல்லாருக்கும் 120/80

மே 9, வியாழன்

அப்பா கேட்டுல போர்டு மாட்டிட்டாங்க. ‘டாக்டர் ஜெ. கெசியா, எம்.பி.பி.எஸ்.’ கறுப்புப் பளிங்குல தங்க எழுத்து. கல்லறைக்கு அடிக்கிற ஆளுகிட்டதான் அடிச்சிருக்கணும், எழுத்தைப் பார்த்தாலே தெரியுது. ரிசல்ட் இப்பதான் வந்திருக்கு. இன்னும் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனா ஆஸ்பத்திரியில மாடா உழைச்சாத்தான் பேருக்கு முன்னாடி ‘டாக்டர்’னு போட உரிமை. சொன்னா, "அது கவர்மெண்டுக்கு. ஊருக்கு நீ இன்னைக்கே டாக்டருதாம்"ங்குறாங்க. ஒரு ஹெட்மாஸ்டர் பேசுற பேச்சு!

ஜூன் 3 வேலையில சேரணும். அதுவரைக்கும் இந்த ஊர்ல யாருகூடப் பேச? அதான் இந்த டைரி.

எங்க காலேஜ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புல தௌஃபீக் புலம்பித் தள்ளியிருக்கான். "எனக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு. ஊசி போடக் கை நடுங்குது. பிபி சத்தம்கூட ஒழுங்காக் கேக்க மாட்டேங்குது. வேற யாருக்காவது இப்படி இருக்கா?" நாப்பது பேரு பார்த்திருக்காங்க, ஒருத்தன்கூடப் பதில் போடலை. நானும் போடலை. தெரியலைன்னா வாயை மூடிட்டு இருக்கணும், இதையெல்லாம் ஊருக்குத் தண்டோரா போட்டுக்கிட்டு. வெக்கங்கெட்டவன்.

மே 10, வெள்ளி

போர்டு வேலை செய்ய ஆரம்பிச்சிட்டு. காலையில பால்காரர், அப்புறம் எதிர்வீட்டுச் சித்தி, அப்புறம் சித்தியோட நாத்தனார். எல்லாரும் கையை நீட்டிக்கிட்டு வர்றாங்க. அப்பா புது பிபி மிஷின் வாங்கி வச்சிருக்காங்க, முள்ளு வச்சது. நான் ஸ்டெத்தைக் காதுல மாட்டினதும் கூடத்துல ஒரு அமைதி பாருங்க, சர்ச்சுல எங்க பாஸ்டர் ஐயர் ஜெபம் பண்ணும்போதுகூட இவங்க இப்படி இருந்ததில்லை.

மதினிக்கும் பார்த்தேன். அண்ணன் பொண்டாட்டி ஷைனி. எட்டாவது மாசம். அண்ணன் மஸ்கட்ல, மதினிக்கு அம்மா இல்லை, அதனால தலைப்பிரசவமும் நம்ம வீட்டுலதான். நாள் பூரா மொபைல்ல குழந்தைச் சட்டை பார்க்கிறதுதான் வேலை. பி.காம். படிச்சதா சொல்றாங்க, நம்பணும்.

"கெசி, செருப்பே ஏற மாட்டேங்கு பாரு. காலு வீங்கிட்டு."

"எட்டாம் மாசத்துல எல்லாருக்கும் வீங்கும் மதினி."

"எவ்வளவு இருக்கு?"

"120/80. நார்மல்."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கலை. "அப்போ செவ்வாக்கிழம ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி வரிசையில கெடக்கண்டாம். வீட்லயே டாக்டரு இருக்கையில நமக்கு என்ன வந்துச்சு?" செவ்வாய்தான் அங்க கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். நான் சாப்பிட உக்காந்தேன். சாப்பாடு ஆறிக்கிட்டு இருந்துச்சு.

கூடத்துல ஓடுறது பழைய ஃபேன். கடகடன்னு அப்படி ஒரு சத்தம். அதுக்குள்ள எவனுக்குத்தான் என்ன கேக்கும்.

மே 12, ஞாயிறு

இன்னைக்குச் சர்ச்சுல அசனப் பண்டிகை. ஊர் முழுக்க ஒரே பந்தியில உக்காந்து சோறும் சாம்பாரும் சாப்பிடுற நாள். இந்த வருஷம் சோத்தோட நானும். அப்பாவும் ஐயரும் சேர்ந்து, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, ‘டாக்டர் கெசியா அவர்களின் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை’ன்னு பேனர் அடிச்சிட்டாங்க. போட்டோ பத்தாம் கிளாஸ்ல எடுத்தது. ரெட்டை ஜடை.

பந்தலுக்கு ஒரு பக்கம் அண்டாவுல சோறு பொங்குது, இன்னொரு பக்கம் என் மேஜை, நடுவுல பாடகர் குழு ஸ்பீக்கர். ஒரு கை போனா இன்னொரு கை. காத்து அடிச்சேன், விட்டேன், அடிச்சேன், விட்டேன். 120/80. வயசானவங்கன்னா 130/80. ரொம்ப வயசானவங்கன்னா 130/90. பார்த்தவங்க எல்லாரும் முகம் மலர்ந்துதான் போனாங்க. மனுஷங்களுக்கு இதைத் தவிர என்ன வேணும்?

ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் தங்கதுரை மட்டும் மேஜையை விட்டு நகரலை. பொழுது போகாத மனுஷன்.

"என்னட்டி, எனக்கும் 130, எம்பொஞ்சாதிக்கும் 130, அந்தா போறாளே சமையக்காரி, அவளுக்கும் 130. எல்லாருக்கும் ஒரே விடையா? காப்பியடிச்ச பேப்பரு மாதிரில்லா இருக்கு."

"ஒரே ஊரு, ஒரே தண்ணி சார்"ன்னேன். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. சார் சிரிக்கலை. அவரு எப்பவுமே அப்படித்தான், கிளாஸ்லயும் சிரிக்க மாட்டாரு.

பந்திக்கு ஜெபம் பண்றதுக்கு முன்னாடி ஐயர் மைக்கைப் பிடிச்சாரு. "நம்ம சபையில ஒருத்தருக்குக்கூட பிரஷர் இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" மொத்தப் பந்தியும் ஸ்தோத்திரம் சொல்லிச்சு. எத்தனையோ வருஷமா மாத்திரை தின்னுக்கிட்டு இருக்கிற சனம், கூச்சமே இல்லாம.

பாயசம் நல்லாருந்துச்சு.

மே 13, திங்கள்

நேத்து மிஞ்சின அசனச் சாம்பார் காலையிலயும் மதியமும்.

மே 14, செவ்வாய்

சுகாதார நிலையத்துல இருந்து நர்ஸ் போன் பண்ணினாங்க, மதினி ஏன் வரலைன்னு. அம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினாங்க. ஊருக்குக் கேக்கணுமே. "எம்மவ டாக்டரு, அவளே வீட்ல பாத்துட்டா. எல்லாம் கரெக்டா இருக்காம்." நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாங்க. அம்மா, "சரி சரி, அடுத்த வாரம் வாறோம்"ன்னு வச்சிட்டாங்க.

நான் அப்போ பக்கத்துலதான் இருந்தேன். மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குக் குறிப்பு எடுத்துக்கிட்டு. ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள நூறு தொந்தரவு இந்த வீட்டுல.

தௌஃபீக் மறுபடி எழுதியிருக்கான். அவங்க மாமா கிளினிக்ல போய் உக்காந்து வர்றவங்களுக்கெல்லாம் பிபி பார்த்துப் பழகுறானாம். "கை நரம்பைப் பிடிச்சுப் பார்த்துட்டுக் காத்து அடிச்சா ஓரளவு பிடிபடுது"ன்னு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. இதெல்லாம் மூணாவது வருஷம் படிக்க வேண்டியது. மூணாவது வருஷம் நாம கொரோனாவுக்குப் பயந்து வீட்டுல உக்காந்து மொபைல்ல வார்டு பார்த்தோம், அது வேற விஷயம். அப்புறம் நெஜ வார்டுக்குப் போனப்போ ஒரு கட்டிலைச் சுத்திப் பதினஞ்சு பேரு. முன்னாடி நிக்கிறவன் சொல்லுவான், பின்னாடி நிக்கிறவங்க எழுதுவோம். 120/80. வணக்கம் சொல்ற மாதிரி அது. எல்லாரும் போடுறது. பரீட்சையிலயும் போட்டோம். எந்த எக்ஸாமினரும் நிமிந்துகூடப் பார்க்கலை.

நான் எப்பவும் பின்வரிசை. உயரம் ஜாஸ்தி.

மே 16, வியாழன்

மதினிக்குத் தலைவலி. நேத்துல இருந்தாம். அம்மா தைலம் தேச்சு விட்டாங்க.

"கெசி, கண்ணுக்கு முன்னாடி பொட்டுப் பொட்டா மின்னுது."

"அந்த மொபைலைக் கொஞ்சம் கீழ வையுங்க மதினி. தானா சரியாயிரும்."

மதினி திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. மூஞ்சி உப்பின மாதிரி இருந்துச்சு. தூங்கித் தூங்கி உப்பும்.

இதைப் பத்திப் பத்து மார்க் கேள்வி வந்துச்சு எங்களுக்கு. கர்ப்பத்துல ரத்த அழுத்தம் ஏறினா என்ன அறிகுறி? தலைவலி, கண்ணுல மின்னல், முகத்துலயும் கைகால்லயும் வீக்கம், மேல்வயித்துல வலி. கவனிக்கலைன்னா வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. படம் போட்டு எழுதினேன். மகப்பேறுல காலேஜ் மெடல் எனக்குத்தான். அலமாரியில இருக்கு, யாரும் வந்து பார்த்துக்கலாம்.

ஆனா அதெல்லாம் பிபி கூடினவங்களுக்கு. மதினிக்கு 120/80. நானேதான் பார்த்தேன்.

தூக்கம் வரலை. வெக்கை.

மே 18, சனி

இதை ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து எழுதுறேன். நேத்து நடந்தது.

சாயங்காலம் கரண்ட் போயிட்டு. மதினி அம்மாவைக் கூப்பிட்டு, நெஞ்சுக்குக் கீழ வலிக்குதுன்னாங்க. அம்மா வழக்கம்போல, "வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி போடுதேன்"னு அடுப்படிக்குப் போனாங்க. மேல்வயித்துல வலி. அந்த வரி என் விடைத்தாள்ல எங்க இருந்துச்சுன்னுகூட எனக்கு ஞாபகம் வந்துச்சு. இடது பக்கம், படத்துக்குக் கீழ.

மிஷினை எடுத்துட்டு வந்தேன். ஃபேன் இல்லை. ஸ்பீக்கர் இல்லை. சுத்தி நின்னு வாயைப் பார்க்க ஆள் இல்லை. 140 வரைக்கும் காத்து அடிச்சேன், நான் எப்பவும் அவ்வளவுதான் அடிப்பேன். விட ஆரம்பிச்ச உடனே காதுக்குள்ள டொக்கு, டொக்கு, டொக்குன்னு யாரோ கதவைத் தட்டுற மாதிரி. சத்தம்! நாலரை வருஷத்துல நான் அதை ஒழுங்காக் கேட்டது அதுதான் முதல் தடவை. சத்தியமா முதல்ல எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. கேக்குதே! எனக்கும் கேக்குதே! அப்புறம்தான் உறைச்சுது. சத்தம் 140-க்கு மேலேயே தொடங்கியிருக்குன்னா எங்க இருந்து தொடங்குது? மதினி மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுக்கிட்டு, அது அடங்குற வரைக்கும் காத்து அடிச்சேன். தௌஃபீக் எழுதினது மாதிரி. மெதுவாக் காத்தை விட்டேன், முள்ளு 180-க்கு இறங்கினப்போ சத்தம் தொடங்குச்சு. 120-ல நின்னுச்சு.

அப்பாவைக் காரை எடுக்கச் சொன்னேன்.

"எதுக்கு? நீதான் இருக்கியே. ஒரு மாத்திரையைக் குடு, காலையில பாத்துக்கிடலாம்."

"அப்பா, காரை எடுங்க."

"பதறாத. போன வெள்ளிக்கிழம நீ பாத்தப்போ..."

"நான் பாக்கலைப்பா! எனக்குப் பாக்கவே தெரியாது! ஊருக்கே சும்மா சொன்னேன். காரை எடுங்க!"

அடுப்படியில ஓமத்தண்ணி டம்ளர் கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்பா சட்டைகூடப் போடாம துண்டோட காரை எடுத்தாங்க.

பெரியாஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது மதினிக்கு வலிப்பு வந்துட்டு. கண்ணு மேல சொருகி, கை முறுக்கி... நான் தலையை ஒரு பக்கமாத் திருப்பிப் பிடிச்சேன். அது மட்டும் செஞ்சேன். அதைப் பத்தியும் படிச்சிருக்கேன், முழு மார்க், ஆனா ஒரு வரிகூட அந்த நேரம் வாயில வரலை. "மதினி, மதினி"ன்னு கத்தினேன், அம்புட்டுதான்.

டூட்டி டாக்டர் ஒரு லேடி. ஊசி போட்டுக்கிட்டே கேட்டாங்க: "கடைசியா எப்போ பிபி பார்த்தது?"

அம்மா அழுதுக்கிட்டே, அப்பவும் விடாம, "போன வெள்ளிக்கிழம எம்மவ பாத்தா டாக்டர். அவ டாக்டரு. 120/80 இருந்துச்சாம். நல்லாத்தான் இருந்தா, திடீர்னுதான்..." ன்னாங்க. அம்மாவுக்கு நான் வீட்டுல கத்தினது காதுல விழாம இல்லை. மகளை விட்டுக்கொடுக்க மனசு வரலை.

"திடீர்னு இல்லை மேடம்"ன்னேன். "அந்த நம்பர் பொய். நான் சும்மா சொன்னேன். அன்னைக்கே கால் வீங்கியிருந்துச்சு. நேத்துல இருந்து... இல்லை, முந்தாநேத்துல இருந்து தலைவலி, கண்ணுல மின்னல்."

அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "எந்தக் காலேஜ்?" பேரைச் சொன்னேன். "என்ன வருஷம்?" "முடிச்சிட்டேன்." அவங்க கேஸ் சீட்டுல அம்மா சொல்லி எழுதியிருந்ததை அடிச்சிட்டு, நான் சொன்னதை எழுதினாங்க. செருப்பால அடிச்சிருந்தா தேவலை.

ஆபரேஷன் முடிஞ்சிட்டு. பொண்ணு. ரெண்டு கிலோகூட இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. மதினி இன்னும் கண்ணு முழிக்கலை.

மே 19, ஞாயிறு

முழிக்கலை.

மே 20, திங்கள்

மத்தியானம் முழிச்சாங்க. பிள்ளையைக் கேட்டாங்க. போட்டோ காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "சட்டை எல்லாம் பெருசா எடுத்துட்டேனே"ன்னாங்க.

அம்மா டீ வாங்கப் போனப்போ நான் சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேன். அவங்களே முந்திக்கிட்டாங்க.

"எனக்குத் தெரியும் கெசி. அன்னைக்கு நீ நம்பர் சொன்னப்போ அந்த முள்ளைப் பாக்கவே இல்ல. ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்த."

"தெரிஞ்சும் ஏன் மதினி கேக்கலை?"

"நீ டாக்டருல்லா. நான் என்னத்தக் கண்டேன். அப்படித்தான் பாக்கணுமோன்னு நெனச்சேன்."

பி.காம். படிச்சவங்க. முள்ளைப் பார்த்தா நம்பர் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை நாளா இந்த டைரியில நான் யாரையெல்லாம் மட்டமா எழுதியிருக்கேன்னு புரட்டிப் பார்த்தேன். ஒரு ஆளைத்தான் விட்டுட்டேன். அந்த மெடல்காரியைப் பத்தி எழுத இந்தப் பேனாவுல மை பத்தாது.

மே 26, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாச்சு, மதினியும் பிள்ளையும் இன்னும் அங்கதான். அப்பா போர்டைக் கழட்டலை, மேல ஒரு சாக்கைப் போட்டு மூடிட்டாங்க. இழவு வீடு மாதிரி இருக்கு. கழட்டுங்கன்னா, "ஆணி வராது"ங்குறாங்க.

தங்கதுரை சார் வீட்டம்மா மாத்திரையை நிப்பாட்டிட்டதா அம்மா சொன்னாங்க. பால்காரரும்தானாம். டாக்டரம்மாவே ஒண்ணுமில்லைன்னுட்டா, பின்ன எதுக்கு மாத்திரைன்னு. அதான் காலையில ஆராதனைக்கு முன்னாடியே ஐயர்கிட்டப் போய் விஷயத்தைச் சொன்னேன். எல்லாரையும் சுகாதார நிலையத்துல மறுபடி பார்த்துக்கச் சொல்லி அறிவிக்கணும்னேன். நல்ல மனுஷன், பதறிப் போயிட்டாரு. எனக்காகப் பதறினாரு, அதுதான் கொடுமை.

அறிவிப்பு நேரத்துல சொல்றாரு: "அசனத்தன்னைக்குப் பிரஷர் பார்த்த மிஷின்ல ஏதோ சின்னக் கோளாறாம். அதனால..."

எழுந்து நின்னேன். அம்மா என் சேலையைப் பிடிச்சு இழுத்தாங்க.

"மிஷின் நல்ல மிஷின் ஐயா. எனக்குத்தான் பார்க்கத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னேன். தயவுசெஞ்சு யாரும் மாத்திரையை நிப்பாட்டாதீங்க. நாளைக்கே போய்ப் பார்த்துருங்க."

ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தாங்க. பின்னாடி யாரோ, "நல்ல டாக்டரு போ!"ன்னாங்க. அப்பா குனிஞ்சு பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, அதுவும் தலைகீழா. வெளிய வந்தப்போ தங்கதுரை சார் நின்னாரு. திட்டப் போறாருன்னு நெனச்சேன். பொஞ்சாதியைக் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டாரு. அது அதைவிட மோசமா இருந்துச்சு.

மே 28, செவ்வாய்

தௌஃபீக்குக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். கேலி பண்ணுவான்னு எதிர்பார்த்தேன். "கிளம்பி வா. எங்க மாமா கிளினிக்ல ஃபேனே கிடையாது"ன்னான்.

மே 31, வெள்ளி

கிளினிக்ல பகல் பூரா அவன் கையில நான், என் கையில அவன், மாத்தி மாத்திப் பிபி பார்த்துப் பழகுறோம். கை சிவந்து போச்சுன்னு புலம்புறான். புலம்பட்டும், அவனுக்கு அதுதானே வரும். இன்னமும் சில தடவை எனக்குக் கேக்கலை. கேக்காதப்போ கேக்கலைன்னு சொல்றேன். அவன் மறுபடி கையை நீட்டுறான்.

ஜூன் 3, திங்கள்

வேலையில சேர்ந்தாச்சு. முதல் நாளே பொது மருத்துவ வார்டு. மேல்படிப்பு படிக்கிற சீனியர் ஒருத்தர், விறைப்பா இஸ்திரி போட்ட கோட்டு, கேஸ் சீட்டுக் கட்டை என் கையில திணிச்சாரு. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் பிபி எழுதி வைக்கணுமாம்.

அவரு திரும்பி வந்தப்போ நான் மூணாவது கட்டில்கிட்டதான் நின்னேன்.

"இன்னும் இங்கயே நிக்கிறியா? இதுக்கெல்லாம் யாராவது மிஷினைத் தூக்குவாங்களா? 120/80 போட்டுட்டு வா."

"பார்த்துட்டுப் போடுறேன் சார்."

"நாலரை வருஷம் என்னத்தப் படிச்ச? பிபி பாக்கத் தெரியாதா?" வார்டுக்கே கேக்குற மாதிரி கேட்டாரு. அந்த மூஞ்சியில இருந்த இளக்காரத்தைப் பார்க்கணுமே. எனக்கு நல்லாத் தெரிஞ்ச மூஞ்சி அது. போன மாசம் வரைக்கும் நான் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சது.

"தெரியாது சார்"ன்னேன். "இப்பதான் பழகுறேன்."

அவரு தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. நாலாவது கட்டில்ல இருந்த அம்மா தானாவே கையை நீட்டினாங்க. கட்டினேன், நாடியைப் பிடிச்சேன், காத்து அடிச்சேன். ஒண்ணும் கேக்கலை. தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

போய் ஃபேனை நிறுத்தினேன். ஜூன் மாச வெக்கையில வார்டே என்னைத் திட்டுச்சு.